கணிப்பொறியின் கதகதப்பு

உங்களிடம் மடிக்கணினி இருந்தால், ஒரு மணி நேரம் வேலை செய்த பின் அதன் அடிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். கதகதப்பாக இருக்கும். பக்கத்துத் துளைகளின் அருகே கையை வைத்தால் சூடான காற்று வீசும். இந்தச் சூட்டின் அருகே ரொட்டி மாவை வைத்துப் பொங்க வைப்போர் உண்டு. ஈரக் காலுறையை உலர்த்துவோரும் உண்டு. வீட்டுப் பூனையோ யாரும் சொல்லிக் கொடுக்காமலேயே விசைப்பலகையின் மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும்.

கணக்குப் போட வந்த கருவி அடுப்பாக மாறுவானேன்? இந்த அடுப்பு எதற்கு உதவும், எதற்கு உதவாது? விடை காணச் சற்றுப் பின்னோக்கிச் செல்வோம்.

கம்பியில் மின்சாரம் பாயும்போது எவ்வளவு வெப்பம் பிறக்கும் என்பதை 1841இல் ஆங்கில அறிவியலார் ஜேம்ஸ் ஜூல் கணக்கிட்டுக் காட்டினார். இஸ்திரிப் பெட்டியில் அவ்வெப்பம் நமக்கு வேண்டியது. கணிப்பொறியில் அது வேண்டாத விருந்தாளி.

அவ்விருந்தாளியின் வருகை தொடக்கத்திலேயே பெரிதாக இருந்தது. 1946இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 'எனியாக்' என்னும் மின்னணுக் கணிப்பொறி உலகுக்குக் காட்டப்பட்டது. பழைய வானொலிப் பெட்டிகளில் இருந்தவற்றைப் போன்ற வால்வுகள் அதில் ஏறத்தாழ 18,000 இருந்தன. அது இழுத்துக்கொண்ட மின்திறன் சுமார் 150 கிலோவாட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் 150ஐ ஒரே கூடத்தில் ஓயாமல் எரிய விட்டால் எப்படியிருக்கும்? எண்ணிப் பாருங்கள்! காற்றை ஊதி ஊதித்தான் அதைக் குளிர்விக்க வேண்டியிருந்தது.

பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. ஒவ்வோர் உறுப்பும் உண்ட மின்சாரம் குறைந்தது. ஆனால் உறுப்புகளின் எண்ணிக்கை பெருகியது. அவை நெருக்கியும் அடுக்கப்பட்டன. 1976இல் வெளிவந்த 'கிரே-1' என்னும் அதிவேகக் கணிப்பொறிக்கு 115 கிலோவாட் தேவைப்பட்டது. அதன் வெப்பத்தை அகற்ற, குளிர்பதனப் பெட்டிகளில் அந்நாளில் பயன்பட்ட ஃபிரியான் அதன் சட்டங்களுக்குள் ஓடியது. 1985இல் வந்த 'கிரே-2'இல் மின்சுற்றுப் பலகைகளையே மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்தில் மூழ்க வைத்தார்கள்.

வெப்பமே பிறக்காத கணிப்பொறியைச் செய்ய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். 1961இல் ரால்ஃப் லாண்டவர் என்னும் இயற்பியலார் இதற்கு ஒரு விந்தையான விடை கூறினார். கணிப்பொறி தன் நினைவிலிருந்து ஒரு செய்தியை அழிக்கும் ஒவ்வொரு முறையும், ஒரு குறைந்தபட்ச வெப்பத்தை வெளிவிட்டே ஆக வேண்டும் என்றார் அவர். மறப்பதற்கும் விலை உண்டு! அந்த விலை மிகமிகச் சிறியது. இன்றைய கணிப்பொறிகள் அதைப் போலப் பன்மடங்கு வெப்பத்தை வெளிவிடுகின்றன. ஆகவே வெப்பத்தைக் குறைக்க இன்னும் நிறைய இடம் உண்டு; அறவே ஒழிக்கத்தான் எளிதில் வழியில்லை.

கூடத்தில் இருந்த இந்த அடுப்பு நம் மடிக்கு வந்தது எப்போது? 1982இல் 'கிரிட் காம்பஸ்' என்னும் மடித்து மூடும் கணிப்பொறி விற்பனைக்கு வந்தது. மக்னீசியக் கலப்பு உலோகத்தால் ஆன அதன் கூடு உறுதியாக இருந்ததுடன், உள்வெப்பத்தை வெளியே கடத்தவும் உதவியது. அன்று முதல் கணிப்பொறியின் சூடு மனிதனின் தோலைத் தொடும் தூரத்துக்கு வந்துவிட்டது.

இப்போது அடுப்பின் கணக்கைப் பார்ப்போம். உங்கள் மடிக்கணினி 60 வாட் மின்சாரம் கொள்வதாக வைத்துக்கொள்வோம். அதில் ஏறத்தாழ முழுவதும் இறுதியில் வெப்பமாகவே முடிகிறது. அந்த வெப்பம் முழுவதையும் 1 லிட்டர் நீரில் சேர்க்க முடிந்தால், 35 நிமிடத்தில் நீரின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ் உயரும். அப்படியானால் இன்னும் சற்று நேரம் வைத்துத் தேநீர் போடலாமே என்கிறீர்களா? முடியாது. வெப்பம் எப்போதும் சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கே செல்லும். கூட்டின் வெப்பநிலை 45 டிகிரி என்றால், அதன் மேல் நாள் முழுதும் வைத்தாலும் நீர் 45 டிகிரியைத் தாண்டாது. வெப்பத்தின் அளவு வேறு, வெப்பநிலை வேறு.

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கொதிக்க வைக்க உதவாத இந்த மந்தச் சூடு, மந்தச் சூடே தேவைப்படும் வேலைகளுக்குப் பொருத்தமானது. ரொட்டி மாவில் உள்ள ஈஸ்ட் 30 டிகிரியை ஒட்டி நன்கு வளரும். பாலைத் தயிராக்கும் நுண்ணுயிர்கள் 40 டிகிரியை ஒட்டிச் சுறுசுறுப்பாகும். மார்கழிக் குளிரில் தோசை மாவு புளிக்கவில்லை என்றால், காரணம் சூடு போதாமைதான். மாவுப் பாத்திரத்தைக் கணினியின் மேல் வைத்துவிடாதீர்கள். சிந்தினால் கணினி பாழ். வெப்பக் காற்று வெளிவரும் பக்கத்தில், துளைகளை அடைக்காமல், சற்றுத் தள்ளி வைப்பதே முறை.

ஆனால் இம்மந்தச் சூட்டைச் சாதுவென்று நம்பிவிடக் கூடாது. காஷ்மீர மக்கள் 'காங்கிரி' என்னும் தணல் சட்டியைப் பிரம்புக் கூடைக்குள் வைத்து, அங்கிக்குள் அணைத்துக் குளிர் காய்வது வழக்கம். அதனால் வயிற்றிலும் தொடையிலும் தோல் புற்றுநோய் வருவதை எல்ம்ஸ்லி என்னும் மருத்துவர் 1866இலேயே எழுதினார். சுடும் என்று கையை இழுத்துக்கொள்ளச் செய்யாத மிதமான வெப்பம், நாள்தோறும் ஒரே இடத்தில் பட்டால், முதலில் பழுப்பு நிற வலை போன்ற தழும்பு தோன்றும். 2010இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் இதே தழும்பை 12 வயதுச் சிறுவன் ஒருவனின் தொடையில் கண்டார்கள். காரணம் காங்கிரியன்று, நாள்தோறும் மடியில் வைத்து விளையாடிய கணினி! பெயர் மடிக்கணினி என்றாலும் அதன் இடம் மேசைதான் என்பதை மறவாதீர்கள்.

வீட்டில் நாம் கற்ற பாடத்தைப் பெரிய அளவில் செய்வோரும் இருக்கிறார்கள். 2010இல் சூரிச் நகரின் கூட்டாட்சித் தொழில்நுட்பக் கழகத்தில் 'அக்வாசார்' என்னும் கணிப்பொறி நிறுவப்பட்டது. அதைக் குளிர்வித்தது குளிர்நீர் அன்று. சுமார் 60 டிகிரி வெந்நீர்! சில்லுகள் அதைவிடச் சூடாக இருப்பதால் வெந்நீரும் வெப்பத்தை வாங்கிக்கொண்டது. வாங்கிய வெப்பம் கழகக் கட்டடங்களுக்குக் கதகதப்பூட்டியது. 2023இல் இங்கிலாந்தின் எக்ஸ்மவுத் ஊரில், சலவை இயந்திரம் அளவே உள்ள கணிப்பொறித் தொகுதி ஒன்று பொது நீச்சல் குளத்துடன் இணைக்கப்பட்டது. எரிவாயு விலையேற்றத்தால் பிரிட்டனின் நீச்சல் குளங்கள் திணறிய காலம் அது. நீச்சல் குளத்துக்குத் தேவை சுமார் 30 டிகிரிதான். கணிப்பொறியின் மந்தச் சூடு அதற்குப் போதும்.

இதை வேடிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 2024இல் உலகின் தரவு மையங்கள் உண்ட மின்சாரம் சுமார் 415 டெராவாட்-மணி எனப் பன்னாட்டு எரிசக்தி முகமை மதிப்பிட்டுள்ளது. உலக மின்சாரத்தில் இது ஏறக்குறைய 1.5 விழுக்காடு. அதில் பெரும்பகுதி வெறும் வெப்பமாகக் காற்றில் கலந்தது. குளிர் நாடுகளில் அவ்வெப்பத்துக்கு வீடும் குளமும் காத்திருக்கின்றன. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளிலோ அதை விரட்டவும் மின்சாரம் செலவாகிறது. 45 டிகிரி வெப்பத்துக்கு நம் ஊரில் என்ன வேலை கொடுக்கலாம்? விளைபொருள்களை உலர்த்தலாமா? வேறு வழி உண்டா? அடுத்த முறை உங்கள் கணினி சுடும்போது, சற்றே எண்ணிப் பாருங்கள்.