ஆளுயரம் என்னும் அளவுகோல்

போர் வரலாற்றைத் தளபதிகள் வழியாக அல்ல, கருவிகள் வழியாகப் படிக்க விரும்புகிறவன் நான். இன்று ஒரு சிறிய கருவியைப் பற்றிப் பேசுகிறேன்: துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கி.

தோட்டா நேர்கோட்டில் போவதில்லை. போகப் போகத் தாழும். அதை ஈடுகட்ட இரண்டு வழிகள். குமிழைத் திருகித் தூரத்தை வைத்துவிட்டு நேராகக் குறிபார்ப்பது ஒன்று. குமிழைத் தொடாமல் இலக்குக்கு மேலே குறிவைப்பது மற்றொன்று. முன்னது துல்லியம், பின்னது வேகம்.

இரண்டாம் உலகப் போரில் சோவியத் வீரர்களிடம் இருந்த பி.யு. தொலைநோக்கியில், குமிழில் 1300 மீட்டர் வரை எண்கள் உண்டு. கண்ணாடிக்குள் மூன்று தடித்த கோடுகள் மட்டுமே, அளவுகள் இல்லை. மேலே குறிவைக்க அனுபவமே துணை. 1963இல் திராகுனோவ் துப்பாக்கி படைக்கு வந்தது. அதன் பி.எஸ்.ஓ.-1 தொலைநோக்கி இரு வழிகளையும் இணைத்தது. 1000 மீட்டர் வரை குமிழ். 1100, 1200, 1300க்குக் கண்ணாடிக்குள்ளேயே கூரை வடிவில் மூன்று குறிகள்.

எந்த வழியானாலும் முதலில் தூரம் தெரிய வேண்டும். அதற்கு அதே கண்ணாடியில் ஒரு வளைகோடு இருக்கிறது. எதிரே நிற்பவரின் பாதத்தை அடிக்கோட்டிலும் தலையை வளைகோட்டிலும் பொருத்தினால் தூரம் தெரிந்துவிடும். அந்தக் கணக்கில் மனிதரின் உயரம் 1.7 மீட்டர்.

சாண், முழம், ஆளுயரம் என்று நம் முன்னோரும் உடலைக் கொண்டே அளந்தார்கள்; துணியை, கயிற்றை, கிணற்றின் ஆழத்தை. இங்கும் மனிதன்தான் அளவுகோல். அளந்து முடித்ததும் சுடப்படுபவனும் அவனே.