மீற்றரில் ஒரு லட்சம்: பயப்பட வேண்டிய எண்ணா?

யாழ்ப்பாணத்தில் பாவித்த கார் தேடுபவர்கள் பலர் மீற்றரில் ஒரு லட்சத்தைக் கண்டதும் பின்வாங்கிவிடுகிறார்கள். ஏ9 வழியாகக் கொழும்புக்குப் போய்த் திரும்பினாலே ஏறக்குறைய 800 கிலோமீற்றர். மாதம் ஒருமுறை என்றால் வருடத்துக்கு 9,600. உள்ளூர் ஓட்டம் வேறு. 2014ஆம் ஆண்டுக் கார் ஒன்றரை லட்சம் ஓடியிருப்பதில் வியப்பில்லை. அது 60,000 காட்டினால்தான் சந்தேகம் வரவேண்டும்.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட பாவனைக்கான கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையில் இருந்த கார்களே கைமாறின. குறைந்த ஓட்டத்துக்குக் கூடுதல் விலை. டிஜிட்டல் மீற்றரைக் குறைத்துக் காட்டுவதோ கடினமில்லை.

ஆகவே பிறேக் மிதியின் ரப்பரையும் ஸ்டியரிங்கையும் சாரதி இருக்கையின் ஓரத்தையும் பாருங்கள். 60,000 ஓடிய காரில் இவை வழுவழுவென்று தேய்ந்திருக்காது. சேர்விஸ் பற்றுச்சீட்டுகளில் அன்றைய கிலோமீற்றர் பெரும்பாலும் எழுதியிருக்கும். திகதி வரிசையில் வைத்துப் பார்த்தால் எண் எங்கே இறங்கியது என்று தெரிந்துவிடும். யப்பானிலிருந்து பாவித்த காராக வந்ததென்றால் அங்குள்ள ஏலத் தாளைக் கேளுங்கள். அக்குவா போன்ற ஹைபிரிட் என்றால், குறைவாக ஓடியிருந்தாலும் பற்றரிக்கு வயது போயிருக்கும். கராஜில் ஸ்கேன் செய்து பார்க்காமல் முற்பணம் கொடுக்க வேண்டாம்.