மண்ணின் விதைக் களஞ்சியமும் மட்டக்களப்பு வாவிக்கரைக் காடுகளும்

அரசரும் போருமே வரலாற்றுக்குப் பொருளாவன என்பது பழைய எண்ணம். ஒரு நாட்டின் காடு எவ்வாறு அழிந்தது, எவ்வாறு மீண்டது என்பதும் வரலாறேயாம். அவ்வரலாற்றின் ஏடுகளுள் ஒன்று மண்ணினுள் உளது. சாள்ஸ் டார்வின் ஒரு சிறு குளத்தின் ஓரத்திலிருந்து மூன்று மேசைக்கரண்டிச் சேற்றை எடுத்து, ஆறு திங்கள் தம் அறையில் மூடிவைத்து, முளைத்த செடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினார். தொகை 537 ஆயிற்று. 1859 இல் வெளிவந்த 'உயிரினங்களின் தோற்றம்' என்னும் நூலில் இதனைக் கூறியுள்ளார். இவ்வாறு மண்ணில் உறங்கும் விதைத்தொகுதியையே விதைக் களஞ்சியம் என்பர்.

படுவான்கரைக்கு மேற்கேயுள்ள காடுகளிற் சேனை வெட்டியோர் இதனை அநுபவத்தால் அறிந்தனர். இரண்டொரு போகம் விளைவித்துக் கைவிட்ட நிலத்தில் முதலிற் புல்லும் பூண்டும் மண்ணின் விதையினின்று எழும். வெட்டுண்ட அடிமரங்கள் தளிர்க்கும். பின்னர்ப் பறவைகள் கொணரும் விதைகளால் வீரையும் பாலையும் வந்து சேரும். பெருமரங்கள் பலவற்றின் விதை மண்ணில் நெடுங்காலம் உயிர்தரிப்பதில்லை. ஆதலின் அயலிலே தாய்மரம் நிற்றல் வேண்டும். ஓய்வின்றி வெட்டி எரிப்பின் மண்ணின் முதலும் தீரும், அடிமரமும் மடியும்.

ஆங்கில ஆட்சியினர் 1885 இற் காட்டுக் கட்டளைச் சட்டத்தை இயற்றி, 1887 இற் காட்டுத் திணைக்களத்தை நிறுவினர். சேனையைக் காட்டின் பகையெனக் கருதிய அத்திணைக்களமே, பிற்காலத்தில் இலங்கையின் உலர்வலயத்திற் சேனைப்பயிரிடையே தேக்கை நடுவித்தது. தேக்கின் காய் வன்கோதுடையது. மண்ணிற் பல்லாண்டு கிடந்து பின்னும் முளைக்க வல்லது.

வாவிக்கரைக் கண்டலின் இயல்போ வேறு. அதன் விதை தாய்மரத்திலேயே முளைத்து, நீண்டு தொங்கி, வீழ்ந்து மிதந்து செல்லும்; ஆண்டுக்கணக்கில் மண்ணில் உறங்காது. எனவே கண்டற்காட்டின் களஞ்சியம் சேறன்று. கரையில் நிற்கும் தாய்மரமும், அது உதிர்த்த நாற்றைச் சுமந்து செல்லும் நீரோட்டமுமேயாம். பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரம் திறப்பதும் அடைபடுவதும் வாவியின் நீர்மட்டத்தையும் உவர்ப்பையும் மாற்றுதலால், நாற்று வேரூன்றுவதும் அழுகுவதும் அவற்றைச் சார்ந்துள்ளன.

2004 திசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையின் பின்னர், கண்டல் நடும் ஆர்வம் நாடெங்கும் பெருகிற்று. 2017 இல் வெளியான ஓராய்வு அதன் பயனைக் கணக்கிட்டது. ஆராய்ந்த 23 இடங்களுள் 9 இல் ஒரு கன்றேனும் எஞ்சவில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரையான முயற்சியில் 200 முதல் 220 ஹெக்டேயரே தேறியது. பொருந்தா நிலமட்டத்தில் நட்டமை, பின்பராமரிப்பின்மை, வெள்ளம், வறட்சி, மாடுகளின் மிதிப்பு என்பன காரணங்களாயின.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்றே: நடுமுன் நிலத்தை வினவுதல் வேண்டும். தாய்மரமும் நீரோட்டமும் உள்ளவிடத்து, அவற்றைக் காத்தலே காடு வளர்த்தலாகும். அவை இல்லாதவிடத்தே ஏற்ற இனத்தைத் தெரிந்து நட்டுப் பேணுக. இறாலும் மீனும் வளரும் கண்டலடியை நம்பி வாழும் வலைஞர் குடிகளுக்கு இது ஏட்டுக்கல்வி அன்று. நம் மாணவர் ஒரு தட்டுச் சேனை மண்ணை நீர்தெளித்து வைத்து, முளைப்பனவற்றை எண்ணிப் பார்ப்பாராக. மண் எதனைப் பேணி வைத்துள்ளது, எதனை இழந்துவிட்டது என்பதை அத்தட்டே காட்டும்.