காங்கேசன்துறையில் இறங்கினால்: மயிலிட்டியைச் சுற்றி ஒரு நாள்

நாகபட்டினத்திலிருந்து புறப்படும் பயணிகள் கப்பல் ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் காங்கேசன்துறைக்கு வந்து சேர்கிறது. 2023 ஒக்ரோபர் 14ஆம் திகதி தொடங்கி, சில நாள்களிலேயே பருவமழையோடு நின்றுபோய், 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய சேவை அது. கிழக்கே சில கிலோமீற்றர் தள்ளி பலாலி விமான நிலையம். 2019இல் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது, கொரோனாவோடு மூடப்பட்டது, 2022 டிசம்பரிலிருந்து சென்னை விமானங்கள் மறுபடி இறங்குகின்றன. நாட்டின் வடக்கு எல்லைக்கு இப்படி இரண்டு வாசல்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் ஊர் மயிலிட்டி.

வந்து இறங்குபவர்கள் நேரே நல்லூருக்கோ நயினாதீவுக்கோ போய்விடுவதுதான் வழக்கம். வாசலையொட்டிய சிற்றூர்களைப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கலாம் என்று சொல்வதற்கே இந்தக் கட்டுரை. கப்பலில் வரும் யாத்திரிகர்களை விட, கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ பிள்ளைகளோடு வந்து, "இதுதான் அம்மம்மாவின் ஊர்" என்று காட்ட நினைப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன். அவர்களுக்கு வழி தெரியும் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். பெரும்பாலும் தெரியாது. தெரிந்த வழி 1990இல் இருந்த வழி.

வலிகாமம் வடக்கில் வரைபடத்தை விடத் திகதிகள் முக்கியம். 1990 ஜூனில் சனம் வெளியேறியது. பின்னர் அப்பகுதி உயர்பாதுகாப்பு வலயமானது. போர் முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2013இல், 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப் போவதாக அரசு அறிவித்தல் ஒட்டியது. காணிக்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாக விடுவிப்பு நடந்தது. மயிலிட்டித் துறைமுகமும் அதையொட்டிய சுமார் 54 ஏக்கரும் 2017 ஜூலை 3இல் கிடைத்தன. வசாவிளான் சந்தியிலிருந்து பலாலிக்குப் போகும் வீதி 2025 ஏப்ரலில்தான் திறந்தது. திறந்தபோது காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே பயணம், இடையில் நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்று பலகை வைத்தார்கள். இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. புறப்படும் முன் உள்ளூர் ஓட்டோக்காரரிடம் கேட்பதே நம்பகமானது. கைபேசி வரைபடம் காட்டும் சில ஒழுங்கைகள் முட்கம்பியில் போய் முடியும்.

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் சுமார் 18 கிலோமீற்றர். பஸ் உண்டு, புகையிரதமும் உண்டு. ஆனால் கரையோர ஊர்களுக்கிடையே பஸ்ஸை நம்பி ஒரு நாளில் சுற்றி முடிக்க இயலாது. ஓட்டோவை நாள் வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். தெல்லிப்பளைப் பக்கத்து ஆளாக இருந்தால் வழிக்கதையும் சேர்த்துக் கிடைக்கும்.

விடியலில் மயிலிட்டி

தொடக்கம் மயிலிட்டியாக இருக்கட்டும், அதுவும் வெள்ளன. வள்ளங்கள் கரைக்கு வந்து மீன் ஏலம் போகும் நேரத்தில்தான் இந்த ஊர் என்னவாக இருந்தது என்பது விளங்கும். போருக்கு முன் வடக்கின் முதன்மையான மீன்பிடித் துறைமுகங்களில் ஒன்று இது. இருபத்தேழு ஆண்டுகள் அதன் மக்கள் மல்லாகம், சுன்னாகம் பக்கத்து முகாம்களிலும் வாடகைக் காணிகளிலும், கடலே கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வாழ்ந்தார்கள். கடற்றொழிலாளிக்கு அது இரட்டை இடப்பெயர்வு.

துறைமுகப் புனரமைப்பின் முதற்கட்டம் 2019 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. மூன்றாம் கட்டத்தை 2025 செப்ரெம்பர் 1இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க தொடக்கி வைத்தார். துறைமுகத்தில் பெரிய ஆழ்கடல் படகுகளைக் காண்பீர்கள். எல்லை தாண்டி வந்ததாகக் கடற்படை பிடித்த தமிழக இழுவைப்படகுகளும் இங்கேதான் கொண்டுவந்து கட்டப்படுகின்றன. தமிழில் பெயர் எழுதிய அந்தப் படகுகள் உப்புக்காற்றில் இற்றுப்போவதைப் பார்க்கும்போது, நம் வலையை அறுத்தவனும் நம் மொழிக்காரன் என்ற எரிச்சலும், அவன் வீட்டிலும் அடுப்பு அணைந்திருக்கும் என்ற நினைப்பும் ஒன்றாக வரும். எல்லை என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்க இதை விடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் இல்லை.

ஊருக்குள் கண்ணகை அம்மன் கோயிலும் காணிக்கை மாதா தேவாலயமும் இருக்கின்றன. ஒருகாலத்தில் காசநோயாளர் கடற்காற்றுக்காக வந்து தங்கிச் சிகிச்சை பெற்ற ஆசுப்பத்திரியும் இந்தக் கரையில் இருந்தது. கூரை இல்லாத வீடுகளைப் படம் எடுக்கும் முன் அயலில் யாரையாவது கேளுங்கள். உரிமையாளர் அடுத்த கொட்டிலிலேயே இருக்கக்கூடும். ஒரு ஐயாவோ அக்காவோ "ஆற்றை பிள்ளையள் நீங்கள்?" என்று கேட்பார்கள். பேரனாரின் பெயரையும் குறிச்சியையும் தெரிந்து வைத்திருந்தால் மிச்ச வழியை அவர்களே காட்டுவார்கள். புதர் மண்டிய வளவுகளுக்குள் மட்டும் கால் வைக்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றிய பகுதிகளாயினும், உடைந்த கிணறுகள் செடிக்குள் மறைந்திருக்கும்.

மயிலிட்டியிலிருந்து மேற்கே போனால் தையிட்டி. தனியார் காணியில் கட்டப்பட்ட திஸ்ஸ விகாரையைப் பற்றிச் செய்திகளில் படித்திருப்பீர்கள். 2023 முதல் பௌர்ணமி தினங்களில் காணிக்காரர்கள் அங்கே கூடிப் போராடுகிறார்கள். அன்று பொலிஸார் நிறைந்திருப்பார்கள். போயா நாளில் இந்தச் சுற்றை வைத்தால் அதையும் கணக்கில் எடுங்கள். தவிர்ப்பதா, அவர்களோடு போய் ஒரு மணி நேரம் இருப்பதா என்பது உங்கள் முடிவு.

துறையும் கல்லும்

காங்கேசன்துறை ஒரு காலத்தில் இந்தக் குடாநாட்டின் கைத்தொழில் நகரம். கொழும்பிலிருந்து வரும் தண்டவாளம் 1905இல் முழுமையாகி இங்கே முடிந்தது. 1893இல் எழுந்த வெளிச்சவீடு, 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, துறைமுகம், நடேஸ்வராக் கல்லூரி எல்லாம் நடந்து போகும் தூரத்தில். 1990இல் நின்ற புகையிரதம் 2015 ஜனவரியில் திரும்பி வந்தது. தொழிற்சாலை திரும்பவில்லை. கடற்கரையின் நல்ல துண்டு ஒன்றில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதி இருக்கிறது. அறைகள் வசதியானவை என்று பயணத் தளங்களில் புகழ்வார்கள். மற்றவரின் காணியில் காலைச் சாப்பாடு எனக்கு இறங்காது. உங்களுக்கு எப்படி என்று தெரியாது. நான் மதியச் சாப்பாட்டைத் தெல்லிப்பளையில் வைத்துக்கொள்வேன்.

சீமெந்துக்காகத் தோண்டிய கல்லும் கீரிமலையில் குளிக்கும் தண்ணீரும் ஒரே சங்கதிதான். குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் கிடக்கிறது. மழைநீர் வெடிப்புகளூடாக இறங்கி, நிலத்தடியில் கடலை நோக்கி நகர்ந்து, கரையோரத்தில் நன்னீர் ஊற்றாக வெளிவருகிறது. கீரிமலைக் கேணியில் நின்றால் மதிலுக்கு அந்தப் பக்கம் அலை அடிக்கும், இந்தப் பக்கம் நன்னீர். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனிக் கேணிகள். மாற்றுடை கொண்டுபோங்கள்.

அருகே ஈழத்தின் பஞ்ச ஈச்சரங்களில் ஒன்றான நகுலேஸ்வரம். கீரிமுகம் கொண்ட நகுல முனிவர் இங்கே நீராடிச் சாபம் நீங்கினார் என்பது தலபுராணம். குதிரைமுகம் நீங்கிய மாருதப்புரவீகவல்லியின் கதையும் இதே நீரோடு சேர்ந்தது; மாவிட்டபுரம் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததென்பார்கள். ஆடி அமாவாசையில் மாவிட்டபுரக் கந்தன் தீர்த்தமாட வருவது கீரிமலைக் கடலுக்கே. அன்று தகப்பனில்லாதவர்கள் பிதிர்க்கடன் செய்யத் திரளுவார்கள். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் அந்தக் கூட்டத்துக்கு இன்னொரு பொருளும் சேர்ந்தது. இறந்த நாள் தெரியாத பிள்ளைக்கு, உடலைக் காணாத சகோதரனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைப்பவர்கள் உண்டு. "என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான்" என்று அதைச் செய்ய மறுக்கும் தாய்மாரும் உண்டு. உறவினர் யாராவது உங்களோடு வந்தால், இதில் அவர் எந்தப் பக்கம் என்று முன்னரே தெரிந்திருப்பது நல்லது. வற்புறுத்த வேண்டாம்.

மாவிட்டபுரம் கோயிலைப் பிள்ளைகளுக்குக் காட்டும்போது 1968ஐயும் சொல்லுங்கள். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே போக உரிமை கேட்டு அதன் வாசலில் போராடிய ஆண்டு அது. எதிர்த்து நின்றவர்களும் தமிழர்களே. இராணுவ வேலிக்கு முன்பே இந்த ஊரில் வேலி இருந்தது.

பிற்பகலுக்கு இரண்டு திசை

தெற்கே போனால் தெல்லிப்பளை துர்க்கை அம்மன் கோயில், 1816இல் அமெரிக்க மிசன் தொடங்கிய யூனியன் கல்லூரி, பிறகு சுன்னாகத்துக்கு அருகே கந்தரோடை. பனைகளுக்கு நடுவே சின்னச் சின்னத் தூபிகள் கொத்தாக நிற்கும் இடம். நூறு ஆண்டுகளுக்கு முன் போல் பீரிஸ் அகழ்ந்தார். 1970இல் பென்சில்வேனியா ஆய்வாளர்கள் மேலும் தோண்டினார்கள். கிடைத்த பானையோடுகள் இங்கே கிறிஸ்துவுக்கு முன்பே குடியிருப்பு இருந்ததைக் காட்டின. பலகையில் 'கதுருகொட' என்று படிப்பீர்கள். தமிழர்களிலும் பௌத்தர் இருந்தார்கள் என்று ஓட்டோவில் போகும்போதே சொல்லி வைத்தால், பிள்ளைகள் இந்த இடத்தைப் பயமில்லாமல் பார்ப்பார்கள்.

மேற்கே போனால் சேந்தாங்குளம் கடற்கரை, அதைத் தாண்டி மாதகல். சங்கமித்தை வெள்ளரசுக் கிளையோடு இறங்கிய ஜம்புகோளம் என்று விகாரை எழுந்துள்ள துறையை ஊரார் சம்பில்துறை என்பார்கள். இரண்டு பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் தாழ்ந்தபின் சேந்தாங்குளத்தில் கால் நனைப்பதற்காகவே நான் இந்தத் திசையைச் சிபாரிசு செய்வேன்.

வலிகாமம் வடக்கில் பூர்வீகக் காணி உள்ளவர்கள் சுற்றுலாவை வார நாளில் வைத்து, காணி உறுதியின் பிரதி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளவும். 2025 மார்ச் 28இல் வந்த வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் சுமார் 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துள் உரிமை கோராவிட்டால் அரச காணி ஆகும் என்றது. கடும் எதிர்ப்பின் பின் மீளப் பெறப்பட்டது. ஆனால் கோருவதற்குக் கையில் தாள் எதுவும் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்பது அந்த மூன்று மாதத்தில் தெரிந்தது. தெல்லிப்பளைப் பிரதேச செயலகம் போகும் வழியில்தான் இருக்கிறது. மயிலிட்டியை எட்டு மணிக்குள் முடித்துவிட்டால், காணிப் பகுதியில் கூட்டம் சேர முன் போய், உங்கள் துண்டு விடுவிக்கப்பட்டதா, யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதினொரு மணிக்குக் கீரிமலையில் குளிக்கலாம்.