பல் உள்வைப்பும் பற்பாலமும்

இழந்த பல்லுக்கு ஈடாக நிலையான பல் பொருத்தும் இரு முறைகள். பேச்சுவழக்கில் 'இம்பிளான்ட்', 'பிரிட்ஜ்' எனப்படும்.

பற்பாலம்: இடைவெளியின் இருபுறமுள்ள பற்களைச் செதுக்கி உறையிட்டு, நடுவில் செயற்கைப் பல்லைத் தாங்கச் செய்வது. சில வாரங்களில் முடியும். தொடக்கச் செலவு குறைவு. ஆனால் நல்ல பற்களின் எனாமல் நிரந்தரமாகக் குறையும். பாலத்தின் அடியில் உணவு தங்கினால் தாங்கு பற்கள் சொத்தையாகலாம்.

உள்வைப்பு: தாடையெலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, எலும்பு அதனோடு இறுகிய பின் மேலே பல் பொருத்துவது. சுவீடனின் பெர்-இங்வார் பிரோனமார்க் 1965இல் இதை முதன்முதலாக ஒருவருக்குச் செய்தார். பக்கத்துப் பற்கள் தப்பும். எலும்புத் தேய்வும் மட்டுப்படும். பொதுவாக 3 முதல் 6 மாதமாகும், செலவும் கூடும்.

தேர்வு: பக்கத்துப் பற்கள் பழுதற்றிருந்து, எலும்பும் போதுமானால் உள்வைப்பு ஏற்றது. அப்பற்களுக்கே உறை தேவைப்பட்டால் பாலம் பொருந்தும். கட்டுக்கடங்காத சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஈறு நோய் ஆகியவை உள்வைப்பின் வெற்றியைக் குறைக்கும். எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகளை உட்கொள்வோர் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ஊர்ப்புறச் சூழல்: மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தின் பிளவக்கல் போன்ற ஊர்களிலிருந்து சிகிச்சைக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கோ ராஜபாளையத்துக்கோ செல்வோருக்குப் பயணமும் அன்றைய கூலி இழப்பும் செலவில் சேரும். உள்வைப்பைத் தேர்வோர் மாதக்கணக்கில் தொடர்ந்து வர இயலுமா என்று முதலிலேயே கணக்கிடுவது நல்லது. எந்த முறையானாலும் பல்லிடைத் துப்புரவும் ஆண்டுதோறும் பரிசோதனையும் கட்டாயம்.