ஒரு நாள் கொடைக்கானல்: பலகையில் இருக்கும் பெயர்களும் இல்லாத பெயர்களும்



இந்த ஆண்டுச் சங்கச் சுற்றுலா கொடைக்கானலுக்கு என்று முடிவானதும் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த முதல் கேள்வி, "போட்டிங் டிக்கெட் எவ்வளவு?" இரண்டாவது, "ஹோம்மேட் சாக்லேட் எந்தக் கடையில் நல்லா இருக்கும்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். மூன்றாவதாக பி பிளாக் அக்கா ஒருவர் வேறு விதமாகக் கேட்டார். மகளைப் பார்க்க ஸ்காட்லாந்து போயிருந்தபோது ஸ்டெர்லிங் என்ற சின்ன நகரத்தை ஒரே நாளில் நடந்தே பார்த்தாராம். மேலே கோட்டையில் தொடங்கி, சரிவில் இறங்கி, 1297இல் போர் நடந்த ஆற்றங்கரை வரை போயிருக்கிறார். "கொடைக்கானலையும் அப்படி நடந்து படிக்க முடியுமா?" என்பது அவர் கேள்வி. முடியும். அதற்கு உதவியாகத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நாம் இயற்கை என்று படம் எடுக்கும் கொடைக்கானலில் பாதி, மனிதர்கள் செய்தது. அதுவும் பெரும்பாலும் 1845க்குப் பிறகு செய்தது.

மலை அதற்கு முன் காலியாகக் கிடக்கவில்லை. கோடைமலைத் தலைவன் கடிய நெடுவேட்டுவனைப் புறநானூறு பாடுகிறது. மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் பழனி மலைப்பக்கத்துக்காரன்தான். தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் பெரிய பலகைக் கற்களை நிறுத்தி, மேலே ஒரு கல்லை மூடிய பழைய கற்திட்டைகள் இருக்கின்றன. செண்பகனூரில் இருந்த ஆங்கிலேட் பாதிரியார், நியூட்டனுடன் சேர்ந்து அவற்றைப் பற்றி எழுதிய நூல் 1928இல் வந்தது. பளியர்கள் இந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். பூம்பாறை, மன்னவனூர், வில்பட்டி எல்லாம் வெள்ளைக்காரர் வருமுன்பே இருந்த ஊர்கள்.

இனி நம் பயணத்துக்கு வருவோம். இரவு ரயிலில் வந்தால் விடியும் நேரத்தில் கொடை ரோடு. அங்கிருந்து வத்தலக்குண்டு வழியாக மலைக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நாம் வளைவுகளில் தலைசுற்றுகிறது என்று புளிப்பு மிட்டாய் தேடுவோம். மோட்டார் போகும் மலைச்சாலை பயன்பாட்டுக்கு வந்தது 1910களின் நடுவில்தான். அதற்கு முன் ரயிலில் இறங்கிய துரைமார் இரவெல்லாம் மாட்டுவண்டியில் பெரியகுளம் பக்கம் அடிவாரத்துக்குப் போவார்கள். அங்கிருந்து குதிரையில், அல்லது டோலியில். டோலி என்றால் நாற்காலியைக் கழிகளில் கட்டி ஆட்கள் தோளில் சுமப்பது. பெட்டி, படுக்கை, பாத்திரம், குழந்தைகள் எல்லாம் அப்படித்தான் ஏழாயிரம் அடி ஏறின. நம் வளாகத்தில் ஒரு வாரம் லிஃப்ட் ஓடாதபோது என்ன பாடு பட்டோம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இத்தனை சிரமப்பட்டு ஏறினார்கள்? பயம்தான் காரணம். 1834இல் மதுரையில் வேலை தொடங்கிய அமெரிக்க மிஷனரிகள், பத்தாண்டுக்குள் தங்களில் பலரையும் பல குழந்தைகளையும் காய்ச்சலுக்கும் காலராவுக்கும் பறிகொடுத்தார்கள். லெப்டினன்ட் வார்டு 1821இல் அளந்து வைத்த மலையில் 1845இல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். ஒன்று சன்னிசைடு, இன்னொன்று ஷெல்டன். இன்றைய கொடைக்கானல் நகரத்தின் தொடக்கம் அந்த இரண்டு வீடுகள்.

ஊருக்குள் நுழையுமுன் வண்டி வெள்ளி நீர்வீழ்ச்சியில் நிற்கும். எல்லோரும் செல்ஃபி எடுப்பார்கள். எடுங்கள், ஆனால் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் அதற்குத் திரும்ப வருவோம்.

காலை முதல் வேலையாகக் கோக்கர்ஸ் வாக். மூடுபனி ஏறுமுன் போய்விட்டால் சமவெளி முழுவதும் தெரியும். 1872இல் லெப்டினன்ட் கோக்கர் மலை விளிம்பை ஒட்டிப் போட்ட ஒரு கிலோமீட்டர் நடைபாதை இது. நடுவில் எங்காவது நின்று கீழே பாருங்கள். இந்தப் பாதை போட்டு நான்கே ஆண்டுகளில் கீழே தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியிலும் அதைத் தொடர்ந்த நோயிலும் செத்தார்கள். மேலே காற்று வாங்கும் பாதை, கீழே கஞ்சித்தொட்டி. இரண்டும் ஒரே காலத்தவை.

அந்தப் பஞ்சத்துக்கும் நாம் அடுத்துப் போகும் இடத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் நடக்கும் மாற்றத்துக்கும் பருவமழைக்கும் சம்பந்தம் உண்டா என்று அரசாங்கம் கேட்கத் தொடங்கியது. அந்தக் கேள்வியின் பலனாக 1899இல் வந்ததுதான் கொடைக்கானல் சூரிய ஆய்வகம். ஏறத்தாழ 2,340 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இதை நிறுவி முதல் இயக்குநரான சார்லஸ் மிச்சி ஸ்மித், அக்கா போய்வந்த அதே ஸ்காட்லாந்துக்காரர். அபர்டீன்ஷயரில் 1854இல் பிறந்து, சென்னை கிறித்துவக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் 1922இல் கொடைக்கானலிலேயே காலமானார்.

1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் இங்கிருந்துதான், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டுபிடித்தார். உலகெங்கும் பாடப்புத்தகங்களில் அது 'எவர்ஷெட் விளைவு'. இன்னொரு செய்தியும் குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். நூறாண்டுக்கும் மேலாக, வானம் தெளிந்த நாளெல்லாம் இங்கே சூரியனைப் படம் எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மழையைக் கணிக்கும் ஆசை சூரியப் புள்ளியால் நிறைவேறவில்லை. ஆனால் அந்தப் படங்களை இன்று உலக விஞ்ஞானிகள் தேடிப் பயன்படுத்துகிறார்கள். பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போங்கள்.

மதியத்துக்குப் பிறகு குறிஞ்சி ஆண்டவர் கோயில். வானம் தெளிவாக இருந்தால் அங்கிருந்தே பழனி மலை தெரியும். இதை 1936இல் கட்டியவர் லேடி லீலாவதி இராமநாதன். யாழ்ப்பாணத் தமிழர் சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து சைவத்தைத் தழுவிய ஆஸ்திரேலியப் பெண்மணி. முருகனுக்கு மலை நம்முடையது, கோயில் அவருடையது. குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018இல். பன்னிரண்டு ஆண்டுக் கணக்குப்படி அடுத்தது 2030. அதற்கும் ஒரு சுற்றுலா போட்டுவிடலாம்.

வெயில் தாழ்ந்ததும் ஏரிக்கு வாருங்கள். வன அதிகாரி பிரையண்ட் 1908இல் திட்டமிட்ட பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர். நட்சத்திர வடிவத்தில் இயற்கையே செய்தது போலத் தெரியும். இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடைகளை மறித்துக் கட்டியது. முதல் படகுகள் தூத்துக்குடியிலிருந்து வந்தன. தூத்துக்குடி எங்கே, இந்த மலை எங்கே! அவற்றை மேலே கொண்டுவந்தவர்களை யோசியுங்கள்.

இப்போது காலையில் விட்ட கேள்வி. ஏரி நிரம்பி வழியும் தண்ணீர்தான் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மேல் வீட்டுக் குளியலறை கசிந்தால் கீழ் வீட்டுக் கூரையில் கறை படியும் என்பது நமக்குத் தெரிந்த சண்டைதானே? கொடைக்கானலும் அப்படித்தான். ஏரியில் போடுவது அருவியில் இறங்கும், அருவியில் இறங்குவது அடிவாரத்துக்குப் போகும். கீழே இருப்பவருக்கு ஜெனரல் பாடியில் எழுந்து கேட்க வாய்ப்பு இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். பழைய புல்வெளிகளை அழித்து நட்ட யூகலிப்டஸ், சவுக்கு போல வளர்ந்துவிட்ட வாட்டில், பைன் ஆகியவை மலையின் நீர்ப்பிடிப்பை ஏற்கெனவே மாற்றிவிட்டன. அதன் மேல்தான் நம் வண்டிகள் ஏறுகின்றன. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் வந்ததை "இது என்ன புதுத் தொல்லை" என்று சிலர் குழுவில் எழுதியிருந்தீர்கள. நம் வளாகத்திலேயே விசிட்டர் பார்க்கிங்குக்கு எண்ணிக்கை வைத்திருக்கிறோம். ஒரு மலைக்கு வேண்டாமா?

நாள் முழுவதும் நீங்கள் படித்த பெயர்களை எண்ணிப் பாருங்கள்: கோக்கர், பிரையண்ட், லெவிஞ்ச், எவர்ஷெட். அவர்கள் செய்தது உண்மையான வேலை, மறுப்பதற்கில்லை. ஆனால் டோலி சுமந்தவர், ஏரிக்கு மண் வெட்டியவர், பாதைக்குக் கல் உடைத்தவர், தொலைநோக்கியை மேலே ஏற்றியவர் யாருடைய பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இன்று உங்களுக்குக் குதிரை பிடிப்பவர், சுட்ட சோளம் விற்பவர், அறையைக் கூட்டுபவர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டை விளைவிப்பவர். அவர்களிடம் பேரம் பேசுமுன் ஒரு நிமிடம் பேச்சுக் கொடுங்கள். "உங்க தாத்தா என்ன வேலை பார்த்தார்?" என்று கேளுங்கள். எந்தப் பலகையிலும் இல்லாத வரலாறு அப்போது கிடைக்கும்.

கேட்ட கதைகளை எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் போடுவோம்.

புறப்படுமுன்: இ-பாஸ் எடுத்தாயிற்றா என்று வண்டிக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பாட்டில் வேண்டாம், ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் போதும். ஸ்வெட்டர், குடை, நடக்க ஏற்ற செருப்பு அவசியம். முழங்கால் வலி உள்ளவர்கள் கோக்கர்ஸ் வாக்கையும் ஏரிக்கரையையும் மட்டும் வைத்துக்கொண்டாலும் கதையின் முக்கால் பங்கு கிடைத்துவிடும். சாக்லேட்டும் வாங்குங்கள். குப்பையை மட்டும் நம்மோடு கீழே கொண்டுவந்துவிடுவோம்.