புழுங்கலரிசி காத்த தமிழர்

உடல்நலம் காக்கும் தனிச்சிறப்பு வாய்ந்தவை எனப் பலவகை உணவுப் பண்டங்கள் இன்று அழகிய பெட்டிகளில் அடைபட்டுக் கடைகளுக்கு வருகின்றன. பசியாற்றுவதோடு நலமும் பேணும் உணவுகளுக்கென ஜப்பானிய அரசு 1991-ஆம் ஆண்டிலேயே தனி உரிமமுறை வகுத்தது. அத்தகைய உணவொன்று பெட்டியும் விளம்பரமும் இன்றி நம் முன்னோர் உண்கலத்தில் நாள்தோறும் இருந்தது. புழுங்கலரிசியே அது. அதன் பெருமையை உலகம் உணர்ந்த வரலாறு, நம்மைப் போலவே பிழைப்பு நாடி ஊர்விட்டுச் சென்ற தமிழரிடமிருந்து தொடங்குகிறது.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மலேயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர் பெரிபெரி என்னும் கொடுநோய்க்கு ஆயிரக்கணக்கில் இரையாயினர். கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மடிவர். அதே நாட்டில் தோட்டங்களிலும் இருப்புப்பாதைகளிலும் பாடுபட்ட தமிழரை அந்நோய் அரிதாகவே தீண்டியது. அவர்கள் வளமாக வாழ்ந்தனர் என்று எண்ணிவிட வேண்டா. அவர்தம் வறுமை யாவரும் அறிந்ததே. சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, வெண்மையாகத் தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்த புழுங்கலரிசி. இவ்வேற்றுமையை எடுத்துக்காட்டி 1907-இல் நூலெழுதினார் பிராடன் என்னும் ஆங்கில மருத்துவர். ஆனால், பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பதே அவர் கொண்ட முடிபு.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் பிளெட்சர் என்பார் 1905 டிசம்பரில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை உணவுக்கூடத்தில் வரிசையாக நிறுத்தி எண்ணினார். ஒற்றைப்படை எண்ணுக்குரியோர் முற்றத்தின் கீழைக் கூடத்திற்கும், இரட்டைப்படையினர் மேலைக் கூடத்திற்கும் அனுப்பப்பட்டனர். முன்னவர்க்குப் பச்சரிசி, பின்னவர்க்குப் புழுங்கலரிசி, பிற உணவெல்லாம் ஒன்றே. பச்சரிசி உண்ட 120 பேருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டோருள் அந்நோய்க்குப் பலியானவர் எவருமிலர். வாய்திறந்து மறுக்க இயலாத எளியவரைக் கொண்டு நடத்திய இச்சோதனையை இக்கால அறம் ஒப்பாது. எனினும், அப்பதினெண்மரின் உயிரை விலையாகக் கொடுத்தே உலகம் இவ்வுண்மையைப் பெற்றது.

காரணம் பின்னரே விளங்கிற்று. நெல்லின் தவிட்டிலும் முளையிலும் தயாமின் எனப்படும் பி-1 உயிர்ச்சத்து உறைகிறது. பச்சை நெல்லை ஆலையில் தீட்டுங்கால் தவிட்டோடு அதுவும் போய்விடும். நெல்லை ஊறவைத்து அவித்தாலோ, அச்சத்து நீரிற் கரைந்து அரிசியின் உள்ளே சென்று படிகிறது. பிறகு தீட்டினும் பெரும்பகுதி எஞ்சும். அண்டாவில் நெல் அவித்து முற்றத்தில் உலர்த்திய நம் பாட்டிமார்க்கு இவ்விளக்கம் தெரியாது. அரிசி உடையாது, சோறு கெடாது என்பதற்காகச் செய்தனர் போலும்!

இந்நோயை ஆராயவே 1918-இல் மக்காரிசன் என்னும் மருத்துவர், நீலகிரியில் குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ஆய்வுக்கூடம் தொடங்கினார். அவருக்குப்பின் 1935-இல் பொறுப்பேற்ற ஏக்ராய்டும் அவர்தம் துணைவரும் நம் அண்டை நிலத்திலேயே சான்று கண்டனர். ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ட ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது. புழுங்கலரிசி வழங்கிய தமிழ் மாவட்டங்களில் அஃது அரிதாயிருந்தது.

அந்த ஆய்வுக்கூடமும் நம்மைப் போல் இடம்பெயர்ந்ததே. 1958-இல் குன்னூரை விட்டு ஐதராபாத்து வந்து, 1969-இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் எனப் பெயர்பெற்றது. சேலத்திற் பிறந்த மருத்துவர் சி. கோபாலன் அதற்குப் பல்லாண்டுகள் தலைமை தாங்கினார். நம் இராமச்சந்திராபுரத்திலிருந்து நகரின் மறுகோடியில், தார்நாக்காவில் அது இருக்கிறது.

நம் குடியிருப்பிலோ, புழுங்கலரிசி பெரும்பாலும் இட்லிக்கு மட்டுமே வாங்கும் பொருளாகிவிட்டது. அங்கும் இட்லி ரவை புகுந்துவிட்டது. சோற்றுக்கு மெல்லிய சோனா மசூரி. நம் பிள்ளைகள் புழுங்கற் சோற்றின் மணத்தையே வெறுக்கின்றனர். பருப்பும் காயும் பாலும் கிடைக்கும் இல்லங்களைப் பெரிபெரி இன்று அச்சுறுத்தவில்லை, நீரிழிவே அச்சுறுத்துகிறது. அதற்குப் புழுங்கலரிசி மருந்தன்று. குவித்து உண்டால் எச்சோறும் கேடே. எனினும் சத்தின் கணக்கு மாறவில்லை. அந்நிறுவனம் வெளியிட்ட உணவுச்சத்து அட்டவணையில், ஆலையில் தீட்டிய பச்சரிசி 100 கிராமில் தயாமின் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலையில் தீட்டிய புழுங்கலரிசியிலும் அதே 0.21.